402ஆம் அறையின் முதல் தண்ணீர்

கல் எறிந்தவனுக்குக் குறி பார்க்கத் தெரியாது. கதவுக்கு எறிந்த கல் ஜன்னலில் பட்டு, கண்ணாடி அத்தனையும் சோற்றுச் சட்டிக்குள் விழுந்திருந்தது. காலை எட்டு மணிக்கு நானும் மிஸ்ஸும் குண்டசாலையில் போய் இறங்கியபோது, அங்கம்மா அந்தச் சோற்றை வாழை அடியில் கொட்டிக்கொண்டிருந்தாள்.

“பொலிஸுக்குச் சொன்னீங்களாக்கா?” என்றேன்.

“பொலிஸுதான் இவரை ரெண்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கே. அதுக்கு மேல எந்தப் பொலிஸுகிட்ட போய்ச் சொல்ல?”

எனக்குக் கோபம் வந்தது. அன்றைக்கு முழுக்க வந்துகொண்டே இருந்தது.

மிஸ் என்றால் கமலாசனி. யாழ்ப்பாணத்துக்காரி. தண்ணீர் சோதிக்கும் ஆய்வுகூடங்களில் முப்பது வருசம் போத்தலும் புனலுமாக இருந்துவிட்டு, ஓய்வு பெற்றதும் கண்டி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் துப்பறியும் பலகை மாட்டியவர். நான் சுகிர்தா. புசல்லாவைப் பக்கம் பிறந்து, குட்செட் பஸ் நிலையத்தடியில் ஓட்டோ ஓட்டுகிறவள். மிஸ் கூப்பிட்டது ஓட்டோவை மட்டும்தான். என் வாயும் சேர்ந்து வந்துவிட்டது.

விசயம் இதுதான். அங்கம்மாவின் புருசன் கறுப்பையா, தோட்டத்துத் தொழிற்சாலையில் வருசக்கணக்காகக் கொதிகலன் பார்த்துவிட்டு வந்து, குண்டசாலையிலேயே ‘சில்வர் ஈவ்னிங்’ என்ற நாலு மாடி முதியோர் இல்லத்தில் மூன்று வருசமாகத் தண்ணீர் பார்க்கிறவர். மொட்டை மாடித் தாங்கிக்குக் குளோரின் போடுவது, பைப் ஒழுகினால் அடைப்பது எல்லாம் அவர் வேலை. ஜூன் இருபதாம் திகதி அங்கே 402ஆம் அறையில் இருந்த மெனிக்கே டீச்சர் நுரையீரல் காய்ச்சலில் செத்துப்போனார். ஷவரில் குளிக்கும்போது பறக்கும் தூறலோடு கிருமி மூச்சுக்குள் போயிருக்கிறது என்று வைத்தியர்கள் எழுதிவிட்டார்கள். மனேஜர் விவேகானந்தன் உடனே கறுப்பையாவை வேலையால் நிறுத்தி, ‘இவன் குளோரின் போடாமல் ஏமாற்றினான்’ என்று பொலிஸில் எழுதிக் கொடுத்தார். இன்றைக்கு இரண்டு மணிக்கு விசாரணை. பதில் இல்லாவிட்டால் அங்கிருந்து நேரே நீதிமன்றம், பிறகு விளக்கமறியல் சிறை. டீச்சரிடம் படித்த யாரோ அதற்கு முன்பே தீர்ப்பு எழுதிக் கல்லை அனுப்பியிருந்தான்.

“ஒரு நாள் விடாமப் போட்டேன் மிஸ்,” என்றார் கறுப்பையா. ஐம்பத்தைந்து வயது, தோள் இரண்டும் முன்னால் விழுந்த மனிதர். “காலையில ஆறு மணிக்கு மொட்ட மாடி. மழையோ வெயிலோ.”

“மனேஜர் என்ன சொல்லுறார் எண்டு தெரியுமோ?” என்றார் மிஸ். “மூண்டு வருசமா மாதா மாதம் சோதிச்ச ரிப்போர்ட் எல்லாம் சுத்தம். டீச்சர் செத்த பிறகு சோதிச்ச ரிப்போர்ட் மட்டும் அழுக்கு. ஆகவே கடைசியில நீங்கள் மருந்து போடாமல் விட்டிட்டீங்கள்.”

“அது எப்படி மிஸ்...”

“ஜூன் மாதச் சோதனை?”

“நான் லீவுல இருந்தேன். அண்ணன் கருமாதிக்கு ராகலைக்குப் போயிட்டேன். ஜூன் ரெண்டுல இருந்து எட்டு வரைக்கும். நான் இல்லாததால அந்த மாசம் சோதனையே நடக்கல்லன்னு சேர் சொன்னாரு.”

மிஸ் குனிந்து, தரையில் கிடந்த அந்தக் கல்லை எடுத்து வாசலுக்கு வெளியே போட்டார். கையெல்லாம் சேறு. “கை கழுவ வேணும்,” என்றதும் கறுப்பையா துள்ளி எழும்பிப் பின்பக்கக் குழாயடிக்கு ஓடினார். குழாயைத் திறந்துவிட்டு, மிஸ்ஸின் கை அதற்குள் போகாதபடி தன் கையைக் குறுக்கே நீட்டிக்கொண்டு நின்றார். தண்ணீர் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது.

“என்னாண்ணே, தண்ணி சுடுதா? மிஸ் இனி நாளைக்குத்தான் கழுவணுமா?” என்றேன்.

அன்றைக்கு முதல் தடவையாக அவர் சிரித்தார். “மொத வர்ற தண்ணி துருப்பிடிச்சு இருக்கும்மா. பெரியவங்க கையில அதையா ஊத்துறது?” பிறகு மிஸ்ஸிடம், “இப்பக் கழுவுங்க மிஸ்,” என்றார்.

மிஸ் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு கையைக் கழுவினார்.

“நேற்று நாங்கள் அங்க போனனாங்கள்,” என்றார் சேலைத் தலைப்பில் கை துடைத்தபடி. “மனேஜர் இல்லை. மேற்பார்வை பார்க்கிற பிள்ளை மேல கூட்டிக்கொண்டு போனா. நாலாம் மாடியில எல்லா ஷவர் தலையும் புத்தம் புதுசு. வைத்தியர்கள் சொன்ன பிறகு, ஜூன் இருபத்திரண்டுக்கு மாத்தினது எண்டு மனேஜர் பொலிஸில எழுதிக் குடுத்திருக்கிறார்.”

கறுப்பையா தலையை ஆட்டினார். “இல்லீங்க மிஸ். நான் லீவு முடிஞ்சு வந்தப்பவே புதுசாத்தான் இருந்துச்சு. மேல் மாடிப் புது மண்டபத் திறப்பு விழாவுக்கு அழகு பண்ணியிருக்காங்கன்னு நெனச்சேன்.”

“அதை ஆர் நம்புவினம்? நீங்கள் குற்றவாளி. அவர் மனேஜர். பழசு எல்லாம் எங்க போகும்?”

“திகன முனாப் நானா கடைக்குத்தான்.”

மிஸ் ஓட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

திகனைக்குப் போகும் வழியெல்லாம் நான் ஆய்வுகூடத்தைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன். மாதா மாதம் சில்வர் ஈவ்னிங்கில் தண்ணீர் எடுப்பது கண்டி ஆய்வுகூடத்தில் பிரியாந்தினி என்ற ஒரு பிள்ளை. முந்தின நாள் மூன்று தரம் அழைத்தேன். மூன்று தரமும் ‘வாடிக்கையாளரின் ரிப்போர்ட் பற்றி வெளியாருக்கு ஒன்றும் சொல்ல முடியாது’ என்று கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்து வைத்துவிட்டாள்.

“அவ சரியாத்தான் சொல்லியிருக்கிறா,” என்றார் மிஸ். “நான் பழக்கின பிள்ளை. வேற கேள்வி கேளும். டீச்சர் செத்த பிறகு மனேஜர் அந்தத் தண்ணியை எங்க அனுப்பிச் சோதிச்சவர்?”

“கொழும்புக்கு.”

“மூண்டு வருசம் நல்ல பேர் தந்த இடம் பக்கத்தில இருக்கேக்க, ஏன் கொழும்பு?”

“கொழும்பு லேப்ல குளிரூட்டி நல்லாருக்கும் மிஸ். தண்ணிக்கும் வேர்க்கும்ல.”

“வாயை மூடிக்கொண்டு ஓட்டும்.”

முனாப் நானாவின் கடை திகனச் சந்திக்கு அப்பால், பழைய பித்தளையும் செம்பும் மலையாகக் கிடக்கும் ஒரு தகரக் கொட்டகை. ஓட்டோ நின்றதும் எழும்பி வந்தவர், எங்கள் முகத்தைப் பார்த்ததும் வாசலை மறித்துக்கொண்டார்.

“ஷவர் தலை விசயமாக...” என்று தொடங்கினேன்.

“எங்கிட்ட இல்ல தங்கச்சி. போங்க.”

“எந்த ஷவருன்னு நான் இன்னும் சொல்லல்லியே நானா?”

“எந்த ஷவரும் இல்ல.”

“அப்ப உங்களுக்குப் பின்னால அந்த வாளிக்குள்ள தலையத் தூக்கிப் பார்க்கிறது யாரு, உங்க மச்சானா?”

அவர் திரும்பிப் பார்த்தார். பத்துப் பன்னிரண்டு ஷவர் தலைகள் வாளியில் ஊறிக்கொண்டிருந்தன. நானாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “ஒரு மனுசி மௌத்தான எடத்துச் சாமான் எண்டு தெரிஞ்ச நாள்ல இருந்து எனக்கு நித்திரையில்ல. பொலிஸ் வாசப்படிய மிதிச்சா யாவாரம் படுத்துரும். எடுத்துக்கிட்டுப் போங்க, எனக்குத் தேவையில்ல!”

“எனக்கும் தேவையில்லை,” என்றார் மிஸ் அமைதியாக. “எப்ப வாங்கினீங்கள் எண்டு மட்டும் சொல்லுங்கோ.”

“ஞாபகமில்ல.”

“ஒரு ஆள் தான் செய்யாத குற்றத்துக்கு இண்டைக்கு மறியலுக்குப் போகப் போறார். உங்களுக்கு அந்த ஆளைத் தெரியும். மூண்டு வருசமா உங்களோட யாவாரம் செய்த ஆள்.”

நானா வாசலை விட்டு விலகினார். “கறுப்பையாவா?” என்றார். குரல் இறங்கியிருந்தது. “அவன் ஒரு செம்புத் துண்டுகூடக் களவெடுக்காத மனுசன்.”

“அப்பச் சொல்லுங்கோ.”

“ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முந்தின நாள். வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்குக் கடைய அடைக்கப் போற நேரம் வேன் வந்து நிண்டிச்சி. நான் குர்பான் வேலைக்குப் போகணும், நாலு நாளைக்குக் கடை பூட்டு. எடுக்க மாட்டேன் எண்டேன். டிரைவர் கெஞ்சினான். ‘மனேஜர் இண்டைக்கே வெளியேத்தச் சொல்லிட்டாரு நானா’ எண்டான். அவசரத்துல வாங்கிப் போட்டுட்டுப் போனேன்.”

“நாள் பிழைக்காதே?”

“பெருநாளாம் அது! எனக்குப் பிழைக்குமா?”

நான் விரல் விட்டு எண்ணினேன். இந்த வருசம் பெருநாள் ஜூன் ஏழு. முந்தின நாள் ஆறு. டீச்சர் செத்தது இருபது. “மிஸ்! டீச்சர் சாகுறதுக்கு ரெண்டு கிழமைக்கு முன்னாலயே மாத்திட்டான்!”

“உம். சுத்தமான தண்ணி வாற ஷவரை அவ்வளவு அவசரமா ஏன் மாத்த வேணும்?” மிஸ் வாளிக்குள்ளிருந்து ஒன்றை எடுத்து, நானாவிடம் திருப்புளி வாங்கிக் கழற்றினார்.

உள்ளே எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டேன். பழுப்பு நிறத்தில் விரல் கனத்துக்குச் சளி மாதிரி ஒரு படை. நானா சோடா போட்டு ஊற வைத்தும் போகவில்லையாம்.

“கிருமிகள் ஒண்டோட ஒண்டு ஒட்டிக் கட்டின வீடு இது,” என்றார் மிஸ். “இது ஷவருக்குள்ள மட்டும் இல்லை, சுவருக்குள்ள போற பைப் முழுக்க இருக்கும். கறுப்பையா குளோரின் போடப் போட மேல் தோல்தான் சாகும். குளோரினும் நாலாம் மாடிக்கு வந்து சேரமுதலே தீர்ந்துபோம். உள்ள இருக்கிறது சுகமா இருக்கும். பால் போத்தலைத் தண்ணி விட்டு அலசினால் வாடை போகுதோ? தேய்க்க வேணும், கொதிநீர் விட வேணும்.”

“அப்போ தலைய மட்டும் மாத்தினா?”

“வயித்துக்குள்ள நோய், வாய்க்குப் புதுப் பல்லு.”

இந்தப் பகிடியை நான் சொல்லியிருக்க வேண்டும். எரிச்சலாக இருந்தது.

“ஆனா சுகிர்தா, இந்தப் படை ஒரு மாதத்தில வளர்ந்தது இல்லை. வருசக் கணக்கு. மூண்டு வருசமாப் பைப்புக்குள்ள இது இருந்திருக்கு. மூண்டு வருசமா ரிப்போர்ட் சுத்தம். ரெண்டும் எப்படி உண்மையாகும்?”

“பிரியாந்தினி பொய் எழுதியிருக்கணும்.”

“இல்லை. எழுத மாட்டா.”

“அப்ப மனேஜர் போத்தலை மாத்தியிருக்கணும்.”

“அவ தன்ர கையால எடுத்துத் தன்ர கையாலதான் கொண்டு போவா.” மிஸ் அந்த ஷவர் தலையைக் கடதாசியில் சுற்றினார். முகம் நன்றாக இல்லை. ஒரு கேஸில் வெளிச்சம் தெரியும்போது மிஸ்ஸின் முகம் இப்படி இருக்காது. “வாரும். போற வழியில கறுப்பையாவையும் ஏத்துவம்.”

சில்வர் ஈவ்னிங் வாசலில் காவலாளி கறுப்பையாவைப் பார்த்ததும் கதவைச் சாத்தினான். போன மாசம் வரை அவர் கையால் வெற்றிலை வாங்கிப் போட்டவன். “இந்தாளை உள்ள விடக்கூடாதுன்னு ஓடர்” என்றான். கறுப்பையா ஓட்டோவிலேயே உட்கார்ந்துகொண்டார். எனக்குத்தான் காவலாளியின் தொப்பியைப் பிடுங்கி ஆற்றில் போட வேண்டும் போலிருந்தது.

மனேஜர் விவேகானந்தனின் அறையில் குளிர் காற்றும் ஒரு கண்ணாடி அலுமாரியும் இருந்தன. அலுமாரி நிறைய விருதுகள். கதிரையில் இருந்து அவர் எழும்பவில்லை. மேசையில் தேத்தண்ணீர்.

“கமலா அக்கா,” என்றார். “என்ர மூத்த அக்காவோட ஒண்டாப் படிச்சனீங்கள். ஒரே ஊர்ச் சனம். ஒரு தோட்டத்து ஆளுக்காக என்ர வாசல்ல வந்து நிக்கிறியள். உங்களுக்கே வெக்கமா இல்லையோ?”

“தோட்டத்து ஆள் பறிச்ச கொழுந்தைத்தான சேர் குடிக்கிறீங்க,” என்றேன். “வெக்கமா இருந்தா கோப்பையக் கீழ வைங்க.”

“ஆர் இவள்?”

“என்ர ஆள்,” என்றார் மிஸ். “விவேகானந்தன், நேற்று நான் பார்த்த நாலாம் மாடிக் குளியலறையள்ல ஆளுக்கொரு கேத்தில் ஏன்?”

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. “கிழடுகளுக்குச் சுடுதண்ணி ஆசை.”

“சுடுதண்ணிக் குழாய் இருக்கேக்க கேத்தில் ஏன்?”

“சூட்டைக் குறைச்சு வைச்சிருக்கிறன். வயசான தோல். வெந்தால் ஆர் பதில் சொல்லுறது?”

“தாங்கியில கொதிக்கக் கொதிக்க வைச்சு, குழாயடியில பச்சத்தண்ணி கலந்து குறைக்கிறதுதான் முறை. தாங்கியிலயே இளஞ்சூடா வைச்சால் கிருமிக்குத் தொட்டில் கட்டி விட்ட மாதிரி.”

“பாடம் எடுக்க வந்தனீங்களோ? ரெண்டு மணிக்குப் பொலிஸில சொல்லுங்கோ. மூண்டு வருச ரிப்போர்ட் என்ர கையில இருக்கு. அவன் மருந்து போட்ட வரைக்கும் தண்ணி சுத்தம். விட்டான், ஒரு மனுசி செத்திட்டா.”

“ஷவர் எப்ப மாத்தினது?”

“ஜூன் இருபத்திரண்டு.”

“ஜூன் ஆறு. திகனயில முனாப் வாங்கினவர்.”

அவர் சிரித்தார். உதடு மட்டும்தான் சிரித்தது. “பழைய இரும்பு பொறுக்கிறவன்ர கதை! திறப்பு விழாவுக்கு மாத்தினன், திகதி மாறிப் போச்சு. அதில என்ன குற்றம்? தண்ணி அழுக்கு எண்டு எனக்கு முதலே தெரியும் எண்டு உங்களால காட்ட ஏலுமோ? ஜூன் மாதம் சோதனையே நடக்கேல்ல. அதுக்கும் காரணம் உங்கட கறுப்பையா. லீவில போய்க் கிடந்தவன்.”

அங்கேதான் நாங்கள் மாட்டிக்கொண்டோம். சுவர் மணிக்கூட்டில் ஒரு மணி பத்து. அந்த மனிதரின் முகத்தில் இருந்த திருப்தியைப் பார்க்க எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மிஸ் கைப்பையில் இருந்து போனை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்து ஓர் இலக்கத்தை அழுத்தினார்.

“ஹலோ மிஸ்,” என்றது ஒரு இளம் பெண் குரல். பிரியாந்தினி. “மன்னிச்சுக்கொள்ளுங்கோ மிஸ், நான் நேற்றே உங்கட ஆளிட்டச் சொன்னனான், ரிப்போர்ட் பற்றி...”

“ரிப்போர்ட் பற்றி நான் கேட்கேல்ல பிள்ளை. வேற ஒண்டு. சில்வர் ஈவ்னிங்குக்கு நீர் போற நாட்கள்ல, குளியலறை நிலம் எப்படி இருக்கும்?”

மனேஜர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். மிஸ்ஸுக்கு மூளை கலங்கிவிட்டதோ என்று எனக்கே ஒரு பயம் வந்தது.

“நிலமோ? எப்பவும் ஈரம்தான் மிஸ். எல்லா அறையும். ஒருக்கா வழுக்கி விழப் பார்த்தனான். கழுவிவிட்டு ஓடவிட்ட மாதிரி இருக்கும். கடைசி முறை மட்டும்தான் காஞ்சு கிடந்தது. நிம்மதியா நிண்டு எடுத்தனான்.”

“கடைசி முறை எண்டால்?”

“ஜூன் மூண்டு, செவ்வாய்க்கிழமை.”

“நல்லது பிள்ளை,” என்றார் மிஸ். போனை வைத்தார்.

மனேஜர் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

“நடக்காத சோதனைக்கு அந்தப் பிள்ளை காஞ்ச நிலத்தில நிண்டு தண்ணி எடுத்திருக்கிறா,” என்றார் மிஸ். “மூண்டாம் திகதி எடுத்தவ. ஐந்தாம் திகதி உங்களுக்கு ரிப்போர்ட் வந்திருக்கும். மூண்டு வருசத்தில முதல் தரம் அழுக்கு. எட்டாம் திகதி மேல் மாடி மண்டபத் திறப்பு விழா. தண்ணியை மறிச்சுச் சனத்தை இடம் மாத்தினால் விழா இல்லை. ஆறாம் திகதி ஷவர் தலையை மாத்தினீங்கள். ரிப்போர்ட்டை மறைச்சீங்கள். டீச்சர் அந்தப் புது ஷவருக்குக் கீழ நிண்டு பத்து நாள் குளிச்சவ. பிறகு பிரியாந்தினியை விட்டிட்டுக் கொழும்புக்கு ஓடினீங்கள்.”

“இதெல்லாம் போன் கதை. கோர்ட்டில நிக்காது.”

“உங்களுக்கு வந்த ஈமெயில் நிக்கும். எனக்குத் தர மாட்டினம். பொலிஸ் கேட்டால் தருவினம். 402 அறைத் திறப்பைத் தாங்கோ, இல்லாட்டிப் பொலிஸோட வந்து கேட்பன்.”

அவர் வைத்த கண் வாங்காமல் மிஸ்ஸைப் பார்த்தார். “ஊருக்குள்ள இனி எப்படி முகம் காட்டுவியள் எண்டு பார்ப்பம்,” என்றபடி திறப்புச் சாவியை மேசையில் எறிந்தார். அது வழுக்கிப் போய்த் தரையில் விழுந்தது. பொறுக்கியது நான்தான். அதற்கும் சேர்த்து எனக்கு ஆத்திரம்.

படியிறங்கும்போது நான் துள்ளாத குறை. “பிடிச்சிட்டோம் மிஸ்! ஆனா அந்த ஈரம் என்னா ஈரம்? யாரு கழுவி விட்டது?”

மிஸ் நின்றார். “காலையில எனக்குக் கை கழுவத் தண்ணி விட்டது ஆர்?”

காலையில் குழாயடியில் குறுக்கே நீட்டிய அந்தக் கை எனக்கு ஞாபகம் வந்தது.

எங்கள் தேயிலைத் தோட்டங்களில் மேலதிகாரி துரை வருகிறார் என்றால் எல்லாம் நடக்கும். லயத்து வீடுகளின் சாக்கடைக் கானுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையைத் தேய்ப்பார்கள். துரை பார்க்கிற நேரம் ஒரு குறையும் கண்ணில் படக்கூடாது. என் அப்பாவும் செய்தவர்தான். அதற்கு மரியாதை என்று பேர். நாங்கள் அந்தப் பழக்கத்தைத் தோட்டத்தோடு விட்டுவிட்டு வருவதில்லை.

கறுப்பையா ஓட்டோவின் பின் சீட்டில் அப்படியே இருந்தார். மிஸ் குனிந்து அவர் முகத்துக்கு நேரே கேட்டார்.

“சோதிக்க வாற பிள்ளை பத்து மணிக்கு வருவா. நீங்கள் எத்தனை மணிக்குக் குழாய் திறப்பீங்கள்?”

“எட்டு மணிக்கு மிஸ்,” என்றார் அவர் பெருமையாகவே. “நாலு மாடியும். எல்லாக் குழாயும் ரெண்டு மணித்தியாலம் ஓட விடுவேன். படிச்ச பிள்ளை வந்து கொழாயத் தொறக்கையில மஞ்சத் தண்ணி வந்தா நமக்கு அசிங்கமில்லையா? ஒரு மாசமும் தவறினதில்ல. லீவுல போன அந்த மாசம்தான்...”

அவர் நிறுத்தினார். கொதிகலன் பார்த்த மனிதர், மூளை உள்ளவர். அவராகவே போய்ச் சேர்ந்தார். நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

“தேங்கி நின்ன தண்ணியிலதான் அழுக்கு இருந்திச்சா மிஸ்?”

“ஓம்.”

“நான் அதை ஓட விட்டுட்டு... நல்லதை மட்டும் காட்டினேனா?”

“ஓம். கிழமைக்கு ரெண்டு தரம் அப்படித் திறந்து விட்டிருந்தால் அது வைத்தியம். சோதனைக்கு முதல் மட்டும் செய்தது நோயை மறைச்சுப் போட்டுது.”

“அப்ப டீச்சர் செத்ததுல எனக்கும் பங்கிருக்கு.”

“இல்லண்ணே!” என்று நான் கத்தினேன். “அந்த ஆளுதான்...”

“சுகிர்தா,” என்றார் மிஸ். நான் வாயை மூடினேன். மிஸ் அவரிடம் பொய் சொல்லவில்லை. “இருக்கு. நீங்கள் தெரியாமல் மறைச்சனீங்கள். அவர் தெரிஞ்சு மறைச்சவர். சட்டத்தில அது பெரிய வித்தியாசம். ஆனா இதைச் சொன்னால்தான், மூண்டு வருச ரிப்போர்ட் ஏன் சுத்தமா இருந்தது எண்டு பொலிஸுக்கு விளங்கும். நீங்கள்தான் சொல்ல வேணும். வேற ஒருத்தருக்கும் தெரியாது.”

“டீச்சர் தினமும் காலையில எனக்கு பிஸ்கட் வச்சிருப்பாங்க,” என்றார் கறுப்பையா. சேட்டுக் கையால் முகத்தைத் துடைத்துவிட்டு இறங்கினார். “திறப்பைக் குடும்மா.”

காவலாளி குறுக்கே வந்தான். கறுப்பையா அவனை நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான். அவன் விலகிவிட்டான்.

402இல் இரண்டு கிழமையாக யாரும் தண்ணீர் திறக்கவில்லை. டீச்சரின் கதிரையில் ஒரு சிங்களப் பத்திரிகை மடித்த மடிப்போடு கிடந்தது. எங்களுக்கு முகத்தில் கட்டத் துணி கொடுத்து, என்னை வாசலில் நிற்கச் சொன்னார் மிஸ். கறுப்பையா அங்கம்மா தந்துவிட்டிருந்த தண்ணீர்ப் போத்தலை ஜன்னலால் கவிழ்த்துவிட்டு, குளியலறைக்குள் போய், கழுவு தொட்டிக் குழாயின் கீழே அதைப் பிடித்தார். திறக்கிற கை ஒரு தரம் நின்றது. முப்பது வருசப் பழக்கம். முதல் தண்ணீரை ஓட விடத்தான் அந்தக் கைக்குத் தெரியும்.

பிறகு திறந்தார். குழாய் இருமியது. மஞ்சளாக, நடுவில் சளித் துணுக்குகள் மிதக்க, போத்தல் நிறைந்தது. ஒரு சொட்டும் கீழே விடவில்லை.

“இது கோர்ட்டில சாட்சியா நிக்காது,” என்றார் மிஸ். “அவை தங்கட ஆளை அனுப்பித் திரும்ப எடுப்பினம்.”

“எடுக்கட்டும் மிஸ். இது நான் குடுக்கிறது.”

பொலிஸ் நிலையத்துக்கு வந்து சேரும்போது இரண்டுக்கு ஐந்து நிமிசம். மனேஜர் முதலே வந்து, இன்ஸ்பெக்டருக்கு முன்னால் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு சட்டத்தரணி. கறுப்பையாவுக்குக் கதிரை இல்லை. அவர் நின்றபடியே போத்தலை மேசையில், எழுதுகிற கொப்பிக்கு மேலேயே வைத்தார்.

இன்ஸ்பெக்டர் முகத்தைச் சுளித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தார். “மேக்க மொகத்த?” என்றவர், என்ன இது என்று தமிழிலும் கேட்டார்.

“மொதத் தண்ணிங்க சேர்,” என்றார் கறுப்பையா. “மூணு வருசமா இதைப் பெரியவங்க யார் கண்ணுலயும் படாமப் பார்த்துக்கிட்டது நான்தான். எழுதிக்குங்க, சொல்றேன்.”